ஒன்பது எழுத்து, முன்னால் ஓர் இடைவெளி

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றே கால். நான் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இபு ரத்ரி காலமாகிவிட்டார். இங்கே மரியாதைக்குப் பெண்களை ‘இபு’ என்றும் ஆண்களை ‘பாக்’ என்றும் அழைப்போம். வயது நாற்பத்தொன்பது.

அவரை நினைத்தால் அந்தத் தேர்வு நாள்தான் முன்னால் வருகிறது.

ஒரு வங்கி கழித்துவிட்ட முப்பத்தாறு கணினிகள் எங்களுக்கு வந்திருந்தன. இபு ரத்ரி அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். எல்லாம் எழும், உடனே திரை இருண்டுவிடும். லினக்ஸின் மையநிரலான கெர்னல் எழும்போதே கூப்பிடும், திரையை இயக்கும் டிரைவர் நிரலுக்கும் அந்தப் பழைய சில்லுக்கும் ஒத்துவரவில்லை. பிள்ளைகளின் இறுதித் தேர்வோ கணினியில். திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் கணினி வழியே தேர்வில் நுழையாதவருக்கு அந்த வருடம் தேர்வில்லை.

தலைமையாசிரியர் பாக் தர்மோயோ எட்டிப் பார்த்தார். “இது தேர்வுக் கூடமா, பழைய இரும்புக் கடையா, இபு?”

“கடைதான் பாக். திங்கக்கிழமை திறப்பு விழா.”

சனிக்கிழமை வழி கிடைத்தது. கணினி எழும்போது காட்டும் தொடக்கக் கட்டளை வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று ஒன்பது ஆங்கில எழுத்து சேர்த்தால், கெர்னல் அந்த டிரைவரைக் கூப்பிடாமல் விட்டுவிடும். முப்பத்தாறிலும் தட்டினார், முப்பத்தாறும் ஒளிர்ந்தன. ஆனால் அப்படித் தட்டுவது கணினி அணையும்வரைதான். நிலைக்க வேண்டுமானால் கோப்பில் எழுத வேண்டும். தேர்வு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டு, சுவிட்சில் ‘அணைக்காதீர்’ என்று சீட்டு ஒட்டினார்.

திங்கள் காலை, பிள்ளைகள் கணினிகள் முன் உட்கார்ந்திருக்க, ஏழேகாலுக்கு மின்சாரம் போனது. ஐந்து நிமிடத்தில் வந்தது. முப்பத்தாறு திரையும் இருட்டு. ஒவ்வொன்றாகத் தட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். பாக் தர்மோயோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இபு ரத்ரி நாற்காலிமேல் ஏறினார்.

“எல்லாரும் அணைச்சுப் போடுங்க. நான் சொல்றத மட்டும் தட்டுங்க. வரியோட கடைசிக்குப் போய் முதல்ல ஒரு இடம் விடுங்க.”

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். முப்பத்தாறு விசைப்பலகையும் ஒன்றாகச் சடசடத்தன. வரிசை வரிசையாக வெளிச்சம் வந்தது. பின்னால் ஒரு பெண், தனக்கு மட்டும் இருட்டாகவே இருக்கிறது என்றாள்.

“இடம் விட்டியா?”

“இல்ல இபு.”

“பஸ்ல மட்டும் ரெண்டு ஆள் இடம் எடுப்ப. திரும்பப் போடு.”

கூடமே சிரித்தது. ஏழு இருபத்தெட்டுக்கு அவள் திரையும் ஒளிர்ந்தது. முப்பத்தாறு பேரும் உள்ளே நுழைந்தார்கள்; அந்த வருடம் முப்பத்தாறு பேரும் தேறினார்கள். பாக் தர்மோயோ அன்று எல்லாருக்கும் பொரித்த தெம்பே என்ற சோயா வில்லைகள் வாங்கித் தந்து, கடை நல்ல கடைதான் என்றார்.

பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் இபு ரத்ரி ஒவ்வொரு கணினியாகக் கோப்பில் எழுதி வந்தார். முப்பத்தைந்து முடிந்தன. கடைசி வரிசை ஓரத்துக் கணினியில் மட்டும் இன்னும் எழுதவில்லை.