நாற்பத்து மூன்று படிக்கு நான்கு கோட்பாடு

மூக்கையாவிடம் ஒரு கவிதையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். அப்போதும் அவர் முதல் வரியில்தான் நின்றுகொண்டிருப்பார். திணை, ரசம், வர்க்கம், பின்அமைப்பியல் என்று காலத்துக்கொன்றாக நான்கு கோட்பாடு வைத்திருந்தார். எந்தக் கவிதை அகப்பட்டாலும் நான்கிலும் போட்டுப் பிழியாமல் விடமாட்டார்.

"கவிதைக்குள்ள எவன் ஒளிஞ்சிருந்தாலும் நான் கண்டுபுடிச்சிருவேன்" என்று வேறு சொல்லிக்கொள்வார். கண்டியில் அவருக்கிருந்த பெயரெல்லாம் அந்த ஒரு பேச்சில்தான் நின்றது.

வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த வேலை வேறு. தண்ணீர் வழங்கும் அலுவலகம் ஒன்றில் கிளார்க். யார் வீட்டுக் குழாய் பழுதானாலும் முறைப்பாட்டை அவரிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவருடைய அம்பிட்டிய வீட்டில் குழாய் ஏழு மாதமாக வறண்டு கிடந்தது. மனைவி புஷ்பம் கீழே ரோட்டோரப் பொதுக்குழாயிலிருந்து வாளியில் தூக்கி வந்தாள்.

"ஒரு ஃபாரம் எழுதிப் போடுங்களேன். ஒங்க மேசையிலதானே கெடக்கு?"

"போடுறேன், போடுறேன். இந்தப் போயா முடியட்டும்."

போயா என்கிற பௌர்ணமி விடுமுறைகளில் ஸெய்னுலாப்தீன் நானாவின் புடவைக்கடை பூட்டியிருக்கும். அதன் மேல்மாடியில் இலக்கிய வட்டம் கூடும். புஷ்பமும் கூடவே போய்ப் பெண்கள் பக்கம் உட்காருவாள். கவிதைகளைப் பெயர் போடாமல் எழுதித் தர வேண்டும். நானாவின் மகள் றம்லத் எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் பிரதி பண்ணி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போடுவாள். மூக்கையா ஒன்றை எடுத்து விளக்குவார். விளக்கம் முடிந்த பிறகுதான் எழுதியவர் எழும்பலாம். ஆள் பார்த்துப் புகழக்கூடாது என்று மூக்கையாவே கொண்டுவந்த சட்டம் இது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு போயாவன்று அவர் கைக்கு வந்த கவிதை இப்படி இருந்தது:

நாற்பத்து மூன்று படி.
இறங்கும்போது வாளி பேசாது.
ஏறும்போது தளும்பித் தளும்பி
என் சேலையிடம் முறையிடும்.
மேலே கதிரையில் ஒருவர்
தேத்தண்ணி கேட்பார்.
தண்ணி எப்படி வந்ததென்று
கேட்டதில்லை.

மூக்கையாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மலையும் படியும் வருது. அதனால குறிஞ்சி. ஆனா கூடல் இல்ல. தலைவன் பிரிஞ்சிருக்கான். எப்படி? ஒடம்பு கதிரையில ஒக்காந்திருக்கு, மனசு எங்கயோ!"

சபை கைதட்டியது. அடுத்து அவல ரசத்தைக் கால் மணி நேரம் பிழிந்தார். பிறகு வர்க்கத்துக்கு வந்தார்.

"ஒழைப்பு அவளோடது, தேத்தண்ணி இவனோடது! இவன் அப்பட்டமான சுரண்டல்காரன். இந்த மாதிரி ஆள நாலு பேர் முன்னால நிறுத்தி வச்சிக் கேக்கணும்!"

மேசையில் ஓங்கி ஒரு குத்தும் விட்டார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அவர் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறிப் போய் வந்தவர்கள் அந்தச் சபையில் பத்துப் பேராவது இருந்தார்கள். அத்தனை பேரும் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானா மெல்லக் கேட்டார். "தம்பி, ஒங்கட ஊட்டுக்கு எத்தின படி?"

"எண்ணிப் பாத்ததில்லையே நானா" என்று சொன்ன பிறகுதான் மூக்கையாவுக்கு விஷயம் உறைத்தது. பெண்கள் பக்கம் பார்த்தார். புஷ்பம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மனுசன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் மூக்கையா இல்லையே! விட்டுவந்த திணைக்கே திரும்ப ஓடினார். "அகக்கவிதையில தலைவன் பேரச் சொல்லவே கூடாது! அந்தக் காலத்துச் சட்டம்!"

"நாங்க ஒருத்தரும் சொல்லல்லயே தம்பி" என்றார் நானா.

கடைசியாகக் கையிலிருந்த பின்அமைப்பியலை எடுத்து நீட்டினார். "புதுக் கோட்பாட்டுப்படி எழுதினவங்க செத்தாச்சு. அவங்க யாரு, யார நெனச்சி எழுதினாங்கன்னு தேடப்படாது."

விளக்கம் முடியுமுன்னே புஷ்பம் எழும்பிவிட்டாள்.

"செத்தவதான் போயி ஒங்களுக்குத் தண்ணி தூக்கணும்ங்க. சுருக்கா முடிங்க. ஆறு மணிக்குக் கொழாய் நின்னுரும்."

மாடியே அதிரச் சிரித்தார்கள். மூக்கையாவும் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

மறுநாள் தன் மேசையிலேயே தனக்கொரு ஃபாரம் எழுதித் தானே வாங்கி வைத்தார். நான்காம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. புஷ்பம் இன்னொரு கவிதை எழுதாமல் இருக்க மாட்டாள், அதில் தன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி வரும் என்று அடுத்த போயாவுக்காக நாள் எண்ணினார்.

அந்தப் போயாவன்று டின்னிலிருந்து வந்தது இது:

வாளி வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது.
அதன் முதுகில் மழை தாளம் போடுகிறது.
படியெல்லாம் பாசி.
கதிரையில் நான்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாளியைக் கண்டதுமே எழுதியது யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆசையோடு தன்னைத் தேடினார். திணையில் தேடினார், ரசத்தில் தேடினார், வர்க்கத்தில் தேடினார். பின்அமைப்பியலில் வரிகளுக்கு இடையிலும் தேடினார். கதிரையில்கூட அவருக்கு இடமில்லை.

"என்ன தம்பி, உள்ளுக்கு யாரு இரிக்காங்க?" என்று நானா கேட்டார்.

"அவங்க மட்டுந்தான் நானா" என்று சொல்லிவிட்டு மூக்கையா உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை புஷ்பம் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் ஏறினாள். அவர் பின்னால் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறினார். நாற்பத்து மூன்று சரியாக இருந்தது.