மீன் ஆர்டரும் ஒரு பழைய முகவரியும்

சென்ற வாரம் பட்டினப்பாக்கத்தில் செல்வியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செல்வி மீன் விற்பவர். பெசன்ட் நகர் ஃப்ளாட்டுகளின் ஆர்டரைப் பிடிக்க, நான்தான் அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். நான் பத்தாவதோடு பள்ளியை விட்டவன்; இது யூடியூப் பார்த்துக் கற்ற வித்தை. ஃபாரத்தை நிரப்பினால் ஆர்டர் அவர் போனுக்கு வரும்.

"இன்னா நைனா, ரெண்டு நாளா ஒரு ஆர்டரையும் காணோம்? வஞ்சிரம் ஐஸ்லயே கெடக்குது. வாடிக்கைங்கோ வுட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அப்போது வாடிக்கைக்கார அம்மா ஒருவர் வந்தார். "ஆர்டர் போட்டா, இந்தப் பக்கமே இல்லைன்னு வருது செல்வி. கடையை மூடிட்டியான்னு பார்க்க நேர்லயே வந்துட்டேன்."

எனக்கு விளங்கிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாதே எனக்கு! இரண்டு நாள் முன்பு சைட்டில் ஆர்டர்கள் போய்ச் சேரும் பக்கத்துக்கு 'ஆர்டர்' என்றிருந்த முகவரியை 'மீன்-ஆர்டர்' என்று மாற்றினேன். ஃபாரத்துக்குள் பழைய முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தது மறந்தே போனது. வந்த ஆர்டரெல்லாம் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன...

விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முகவரிக்கும் மாறாத ஒரு பெயர் வைப்பார்கள். ஃபாரத்தில் அந்தப் பெயரை மட்டும் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு இன்றைய முகவரி எது என்று, சைட்டை இயக்கும் ஃப்ரேம்வொர்க்கே பார்த்துக்கொள்ளும். வீடியோவில் அந்தப் பாடமும் இருந்தது. நான்தான் பார்க்காமல் ஓட்டிவிட்டேன்.

ஐஸ் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்துத் திருத்தினேன். என்ன செய்கிறேன் என்று செல்விக்கும் விளக்கினேன்.

"இதுக்கா இம்மாம் நேரம்? எங்க வூட்டு நம்பரை மூணு தபா மாத்திட்டாங்க. கல்யாணப் பத்திரிகை ஒண்ணாவது வராம நின்னுச்சா? மீன்கார செல்வின்னு கேட்டா, எவனும் இட்டாந்து வுடுவான்!"

நானோ மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று ஏழு வருடத்தில் ஒன்பது அறை மாறியவன்; அது செல்விக்கும் தெரியும். எனக்கு வரும் தபால்கள் இன்னும் பழைய அறைகளைத்தான் தேடிப் போகின்றன. பெயர் சொல்லிக் கேட்டால் வழி காட்டுகிற அளவுக்கு நான் எந்தத் தெருவிலும் தங்கியதில்லை.

அந்த அம்மாவையே போனில் ஆர்டர் போடச் சொன்னேன். மீனுக்கு எதிரே நின்றபடி ஃபாரத்தை நிரப்பினார். செல்வியின் போன் சிணுங்கியது. வஞ்சிரம், ஒரு கிலோ!

செல்வி ஒரு பெருமூச்சு விட்டுக் கத்தியை எடுத்தார்.

"இன்னொரு தபா எதுனா மாத்தணும்னு கை அரிச்சா, உன் ரூமை மாத்திக்கோ நைனா. என் கடையை வுட்ரு."