மகள் சொல்லித் தெரிந்த முடிவு

மைசூருக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் கீரைக்காரம்மா என்னிடம் விலை சொல்வதில்லை. ஒன்பது வயது மகள் யாழினியிடம்தான் சொல்வார். அவள் எனக்குத் தமிழில் சொல்வாள். தென்காசிக் கடைத்தெருவில் பேரம் பேசியே பேர் வாங்கியவள் நான். இங்கே மகள்தான் எனக்கு வாய். சிரித்துக்கொண்டே பழகிவிட்ட அந்த ஏற்பாடு, இதய மருத்துவரின் அறையில் என்னைக் கைவிட்டது.

பள்ளியில் கோ-கோ ஆடும்போது யாழினி மயங்கி விழுந்தாள். ஸ்கேனில் இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. இதயம் திணறினால் இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் கூடுமாம்; அதை அளக்க இரத்தம் எடுத்தார்கள். இதையெல்லாம் அவளே எனக்கு விளக்கினாள், வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ சொல்வதுபோல. கணவர் நஞ்சன்கூடு ஆலையிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார். அதற்குள் முடிவு வந்து, எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மருத்துவர் கன்னடத்தில் பேசினார். நடுவில் “தப்ப” என்று ஒரு சொல் காதில் விழுந்தது.

“நாங்க என்ன தப்பு செஞ்சோம் டாக்டர்?” என்றேன். அவர் புரியாமல் மகளைப் பார்த்தார்.

“தப்பு இல்லம்மா. கன்னடத்துல தப்ப அந்த்ரெ தடிப்பு,” என்றாள் யாழினி.

பிறகு அவளாகவே மருத்துவரிடம் ஏதோ கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் நீளமாகப் பதில் சொன்னார். அவள் முகம் மாறியது. ஊரில் இவளுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவர் என்னிடம் சொல்வார். அதில் எவ்வளவு இவளுக்குத் தெரியலாம் என்று நான் முடிவு செய்வேன். இங்கே எல்லாவற்றையும் அவள் முதலில் தனியாகக் கேட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் என்னால் தடுக்க முடியவில்லை. வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது புரியும்.

“என்னட்டி சொல்றாங்க?”

“பிளட்ல அது ஜாஸ்தி இருக்காம். தினா மாத்திரை சாப்பிடணும். ஓடக்கூடாதாம்.” சற்று நிறுத்தி, “நீ அளபேடம்மா,” என்றாள். அழாதே என்று சொல்ல அவளுக்குத் தமிழ் வரவில்லை.

மாத்திரை தொடங்கியபின், படியேறும்போது அவளுக்கு வந்துகொண்டிருந்த மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருக்க வேண்டுமே என்று பயந்தபடி காத்திருக்கிறோம். நேற்று மாலை தென்காசியிலிருந்து அண்ணன் ஃபோன் செய்தார். “பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பி வந்துரு. மதுரையில காட்டுவோம். நம்ம ஆளுக நடுவுல இருக்கலாம்லா,” என்றார். அந்நேரம் தெருப்பிள்ளைகள் வாசலில் நின்று யாழினியைக் கூப்பிட்டார்கள்.

“நானு ஓடல்ல, நோட்தீனி,” என்றாள் அவள். ஓடமாட்டேன், பார்க்கிறேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. கேட்டைத் திறந்து அவர்களோடு போய்விட்டாள்.

“எப்பம் வாரே?” என்று அண்ணன் மறுபடி கேட்டார். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் பின்னால் தெருவுக்கு நடந்தேன்.