கயிற்றில் சுருண்ட முடி

என் தலைமுடியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் எனக்கு மட்டும்தான் என்று நானே சொல்லிக்கொள்வேன். எண்ணெய் தேய்த்து, வெந்தயம் அரைத்துப் பூசி, பச்சைத் தண்ணீரில் அலசுவேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மகாராணி தலை சீவி முடித்த பிறகு ஆரம்பிக்கலாமா என்று கங்காணி கிண்டல் பண்ணுவார். எதற்கெடுத்தாலும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஆனால் அந்தக் கிண்டல் மட்டும் பிடிக்கும்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவளுக்குச் சுருட்டை முடி. அவளும் நானும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிப்போம். போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு காலை, அவள் கைவைத்த செடிக்குள் குளவிக்கூடு இருந்தது. முதுகில் தொங்கிய கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருந்ததால் அவளால் உடனே ஓட முடியவில்லை. நான்தான் கூடையைப் பிடித்து இழுத்தேன். குளவிகள் அவளுடைய முடிக்குள் சிக்கிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே இரைந்தன. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த இரைச்சல் எனக்கு இன்னும் கேட்கிறது, முக்கியமாகத் தலை துவட்டும்போது.

சில மாதம் கழித்து என் கூடையின் அடி பிய்ந்துபோனது. புதுக்கூடை வருகிற வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லி, அவள் புருஷன் அவளுடைய கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனுஷனிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கயிற்றில் அவள் முடி சுற்றிக் கிடந்தது, குட்டைக் குட்டையாகச் சுருண்டு. ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, கயிற்றைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் காயவைத்தேன். மறுநாள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து முடித்துக் கூடையைப் பார்த்தால், கயிற்றில் மறுபடியும் சுருட்டை முடி.

துவைத்தது போதவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாளும் இருந்தது. கயிற்றையே மாற்றினேன். கடையில் வாங்கி நானே முடிச்சுப் போட்ட புதுக் கயிறு. அதிலும் வந்தது. என் முடியோ அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரானது, பின்னலை அவிழ்த்தால்கூட வளையாது. பனி இறங்கி முன்னால் நிற்கிறவளின் முதுகுகூடத் தெரியாத நாட்களில், ஆளில்லாத பக்கத்து நிரையில் யாரோ கொழுந்து கிள்ளுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பயம் என்றால் பயம்தான், அதில் என்ன வெட்கம்.

உதிர்ந்த முடி அடுத்தவர் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் ஒரு சாயந்தரம் அதை அடுப்பில் போடப் போனேன். செத்தவளின் மகள் வாசலில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தாய் போன பிறகு பேச்சையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டவள். என் உள்ளங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எரிக்காதீங்க சித்தி. அம்மாவோடது. எனக்குக் குடுங்க."

கொடுத்தேன். அதற்கப்புறம் தினமும் வந்தாள். அம்மாவின் பழைய பவுடர் டின்னில் சேர்த்து வைத்தாள். ஒரு நாள் டின்னை மூடிக்கொண்டே, "அம்மா இன்னும் மலைக்குப் போயிட்டுத்தான் வாராங்க, என்ன சித்தி?" என்றாள். பிள்ளை இப்போதெல்லாம் வயிறாரச் சாப்பிடுகிறது என்று அவள் அப்பா என்னிடம் சொன்னார்.

பதுளையில் ஒரு சலூனில் வேலை செய்யும் என் தங்கச்சி லீவுக்கு வந்தாள். எனக்குத் தலை சீவிவிட உட்கார்ந்தவள் பாதியில் கையை நிறுத்திவிட்டு, என் உச்சந்தலையைப் போனில் படம் பிடித்துக் காட்டினாள். கயிறு உட்காருகிற இடத்தில், காதுக்குக் காது, ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடி கையளவுதான். உச்சியை நான் பார்த்ததே இல்லை. கயிற்றில் வருகிற முடியைப் பற்றிச் சொன்னதும் அவள் திட்டினாள். சீப்பிலிருந்து என் முடி ஒன்றை எடுத்து, கட்டைவிரல் நகத்தில் அழுத்தி இழுத்து விட்டாள். நேராக இருந்தது சுருண்டுகொண்டது.

"கயிறு இறுக்கி இழுத்தா இப்பிடித்தான் சுருளும். எல்லாம் ஒன் முடிதான்கா."

அதோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இத்தனை நாளும் என் தலையிலிருந்து உதிர்ந்ததைப் பார்த்து நானே நடுங்கியிருக்கிறேன் என்பது இன்னும் மோசமாக இருந்தது.

கயிற்றுக்குக் கீழே துணியை மடித்துச் சும்மாடு வைக்கச் சொன்னாள். கயிறு ஒரே இடத்தில் உட்காராமல் தினமும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும், கொண்டையைத் தளர்த்திக் கட்ட வேண்டும், ஈரத்தலையைச் சீவக் கூடாது. தலையில் பூசுகிறதில் பாதி அக்கறையை வயிற்றிலும் காட்டு, பருப்பும் கீரையும் முட்டையும் உள்ளே போகட்டும் என்றாள். சின்னவளிடம் பேச்சு வாங்குவது எரிச்சலாக இருந்தாலும் சொன்னதையெல்லாம் செய்தேன். கயிற்றில் முடி குறைந்துகொண்டே வந்தது. வெறும் தோலில் விரல் வைத்தால் குட்டி முடிகள் குத்தின. பெரிய சந்தோஷம் எனக்கு.

ஒரு சாயந்தரம் பிள்ளை வந்து கையை நீட்டினாள். கொடுக்க ஒன்றுமில்லை. காற்றில் பறந்துவிட்டது, மழையில் போய்விட்டது என்று சில நாள் சாக்குச் சொன்னேன். அவள் மறுபடியும் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள் என்று தெரிந்தது. கடைசியில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். என் முடி ஒன்றை நகத்தில் இழுத்துச் சுருட்டியும் காட்டினேன். அவள் அழவில்லை. என் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மட்டும் அந்தச் சும்மாட வைக்காம போங்களேன் சித்தி."

எனக்கு ஆத்திரம் வந்தது. என் தலை உனக்கு என்ன விளையாட்டுச் சாமானா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனாலும் மறுநாள் சும்மாட்டை வீட்டில் வைத்துவிட்டு, கயிற்றை வேண்டுமென்றே பழைய இடத்தில் இறுக்கிப் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். அன்றைக்கும் பனி. பக்கத்து நிரையில் கிள்ளுகிற சத்தம் கேட்டது. அன்றுதான் முதல் தடவையாக, அது பிள்ளையின் அம்மாவாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கொழுந்து நிறுத்து முடித்துக் கூடையைப் பார்த்தேன். கயிற்றில் ஒரு முடிகூட இல்லை. இத்தனை வருஷமாக என் முடி எப்படி உறுதியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ, அப்படி உறுதியாகிவிட்டிருந்தது. அதை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

லயத்து வாசலில் பிள்ளை காத்து நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. பாதை வளைவில் நின்று, பின்னலுக்குள் விரல்விட்டுப் பிடுங்கினேன். வேரோடு வந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒவ்வொன்றையும் துண்டாக்கி, நகத்தில் இழுத்துச் சுருட்டிக்கொண்டு போய் அவள் கையில் வைத்தேன்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"கயித்துல இருந்ததுதானே சித்தி?"

"ஆமா," என்றேன்.