டாக்டரின் வாளி

செத்துப்போன மனிதர் ஒருவர்மேல் பொறாமைப்பட்டவன் நான். உயிரோடிருப்பவர்கள்மேல் படுவதற்கே நேரம் போதாத எனக்கு இது கூடுதல் வேலை.

சுனாமி முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, அந்தமானில் நாங்கள் குடியிருந்த போர்ட் பிளேரில் ஒரு மரவீட்டுக்கு என்னை இழுத்துப்போனாள். அந்தக் காலத்தில் தீவு தீவாகப் படகில் போய் வைத்தியம் பார்த்த டாக்டரின் வீடு, இப்போது அருங்காட்சியகம். இரண்டே அறை, தகரக் கூரை. பார்த்துக்கொள்ள ஒரு வங்காள அம்மா.

டாக்டரின் தேய்ந்த செருப்பு முன்னால் மனைவி கண் கலங்கி நின்றாள். என் செருப்பும் தேய்ந்துதான் கிடக்கிறது. அதைப் பார்த்தால், "வாசல்ல போடாதீங்க, மானம் போவுது" என்பாள்.

அதுவரை எங்கள் வீட்டில் புண்ணியவான் பதவி என்னிடம்தான் இருந்தது. சுனாமி வந்த அடுத்த வாரம் சென்னைக் கப்பலில் எங்களுக்கு இரண்டு படுக்கை கிடைத்தது. கப்பல் நிற்கும் ஜெட்டித் துறையில், சுனாமி அடித்துப்போன கேம்பல் பே ஊரிலிருந்து தப்பி வந்த ஒரு பெண், கைக்குழந்தையும் மாமியாருமாக நின்றாள். இரண்டு டிக்கெட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சென்னையில் இருக்கும் அக்காவைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் நாலு வருடம், லீவு வரும்போதெல்லாம், "நம்மைவிட அவசரக்காரங்க போகட்டும்" என்று சொல்லி, கப்பல் ஏறாமலே காலத்தை ஓட்டினேன். விமானத்துக்கு என் சம்பளம் எட்டாது.

உண்மை வேறு. கப்பல் ஜெட்டியை விட்டு நகர்ந்தாலே என் குடல் வெளியே வந்துவிடும். கல்யாணமாகி அவளை இங்கே கப்பலில் அழைத்து வந்த மூன்று நாளும் வாந்திதான். "கப்பல் சாப்பாடு ஒத்துக்கல" என்று சொல்லிச் சமாளித்திருந்தேன்.

டாக்டரிடம் ஏதாவது குறை இருக்காதா என்று கண்ணாடிப் பெட்டி பெட்டியாகத் தேடினேன். சீட்டாடியிருக்கலாம், சமையல்காரனைத் திட்டியிருக்கலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. மூலையில் ஒரு எனாமல் வாளி இருந்தது.

"யே கியா ஹே, தீதி?" என்று மனைவி அது என்னவென்று கேட்டாள்.

"டாக்டர் சாப் கா பால்ட்டி," டாக்டர் ஐயாவின் வாளி, என்று ஆரம்பித்து அந்த அம்மா இந்தியில் விவரித்தாள். டாக்டருக்குப் படகு ஏறினாலே வாந்தியாம். போகும் வழியெல்லாம் வாளியை மடியில் வைத்துக்கொண்டு எடுப்பாராம். கரை இறங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு, நோயாளியைப் பார்க்கப் போவாராம்.

எனக்கென்று மிச்சமிருந்தது இந்த வாந்தி ஒன்றுதான். அதிலும் மனுஷன் முந்திக்கொண்டார்.

மனைவி வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இவருக்கும் கப்பல் சாப்பாடு ஒத்துக்கல போலிருக்கே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜெட்டியிலயே தெரியும். டிக்கெட்டக் குடுத்ததும் உங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். தானம் பண்றவன் மூஞ்சியா அது? ஜெயில்லேர்ந்து வெளிய வந்தவன் மூஞ்சி."

"அந்தப் பொண்ணு பத்திரமா சென்னை போய்ச் சேர்ந்தா இல்ல?"

"சேர்ந்தா. அதனாலதான் நாலு வருஷம் வாயத் தொறக்கல. இப்ப எங்க அக்காவுக்கு முடியல. அடுத்த கப்பல்ல போறோம்."

நான் பார்வையாளர் நோட்டை எடுத்தேன். முந்தைய பக்கங்களில் எல்லோரும் 'மகான்', 'தெய்வம்' என்று எழுதியிருந்தார்கள். நான், 'வாளி நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குமேல் என் பொறாமை இடம் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அபர்டீன் பஜாரில் ஒரு பாத்திரக் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கடைக்காரர் நம்மூர்க்காரர்.

"அண்ணே, வாளி இருக்கா?"

"எந்த சைஸ் வேணும்மா?"

அவள் திரும்பி, தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவர் மடியில நிக்கிற மாதிரி குடுங்க. மூடி இருக்கணும்."