டோரீனின் தெளியாத குளம்

டோரீன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். அமெரிக்காவின் ஒகையோவில் அவள் போகாத ரோடு கிடையாது. சர்க்கரை நோய் கண்ணைப் பாதி தின்றது, லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு வீடே சிறை. ஒரு ரொட்டி வாங்கவும் புருஷன் வெண்டல் காரை எடுத்தால்தான் உண்டு.

வீட்டை விற்றுவிட்டுத் தங்கை ஜாய்ஸ் இருக்கும் டவுனுக்குப் போய்விடலாம். அங்கே நடந்தே கடைக்குப் போகலாம் என்றாள். வெண்டலும் தலையாட்டினான். குறுக்கே நின்றது நீச்சல் குளம்தான். குளோரின் நாற்றம் ஆகாது என்று அவன் இத்தனை வருஷமும் வேறொரு மருந்து ஊற்றி வந்தான். வாங்க வருகிறவர்கள் குளோரின் குளம்தான் கேட்கிறார்கள் என்றாள் தரகர் பெண்.

மாற்றினார்கள். பழைய மருந்தின் மேல் குளோரின் பட்டதும் தண்ணீர் பழுப்பானது. விடாமல் ஊற்றினால் பழையது செத்து, தண்ணீர் தெளியும் என்றான் கடைக்காரன். சனிக்கிழமைதோறும் குளோரின் வாங்க வெண்டல்தான் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனான், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். கோடை பாதி போயும் தெளியவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் குளத்தைப் பார்த்துவிட்டு அப்படியே காரில் ஏறினார்கள்.

"டோரீ, குளிக்கவா, குடிக்கவா? காப்பி மாதிரியே இருக்கே," என்றான் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஏர்ல்.

"கப்பு எடுத்துட்டு வா, ஊத்தித் தர்றேன்."

ஒரு நாள் காலையில் பின்கதவைத் திறந்தாள். வெண்டல் குளத்தோரம் குனிந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். கிட்டே போய்ப் பாட்டிலின் வடிவத்தைத் தடவிப் பார்த்தாள். பழைய மருந்து.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மொதல்லேர்ந்தே."

"என்னையக் கடைக்குக் கூட்டிப் போனதெல்லாம்?"

"நீ கேட்ட, கூட்டிப் போனேன்."

"வீட்டுப் பத்திரத்துல உன் பேரும் இருக்குல்ல. விக்க மாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? திருட்டுப் பய மாதிரி ஏன்யா இந்த வேலை?"

வெண்டல் மூடியைத் திருகினான்.

"சொல்லியிருந்தா நீ மட்டும் கெளம்பிப் போயிருப்ப, டோரீ."

அப்படி ஒரு யோசனை அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை. சாட்சிக்குக் கையெழுத்துப் போடவும், சூப் ஆறுவதற்குள் சாப்பிடக் கூப்பிடவும் பக்கத்தில் ஒருத்தன் இருந்தே அவளுக்குப் பழகிவிட்டது. பிறகு சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய் ஜாய்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஜாய்ஸ், ஒருத்திக்கு மட்டும் எடம் இருக்குமாடி?"