அத்தையின் சீடி வெளியீடு

எங்கள் மாமாவுக்கு இசையறிவு கிடையாது, பாட்டுக்கடை இருந்தது. சித்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, லாரிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் கேட்கிற பாட்டையெல்லாம் கலந்து சீடியில் ஏற்றிக் கொடுப்பார். தமிழ், தெலுங்கு, டீஜே எதுவானாலும் முதல் பாட்டு சாமி பாட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர்கள் சீடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அத்தையோ முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவள். அவள் சாதகம் செய்ய உட்கார்ந்தால் மாமா, "மிக்சி ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கோபத்திலேயே அத்தை திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்க் கீர்த்தனைகளைப் பாடிப் பதிவு செய்தாள். அவளுடைய பாட்டு டீச்சர் யாரையும் லேசில் பாராட்டாதவர். சீடி வெளியீட்டுக்கு வந்து கேட்பதாகவும், தேறினால் திருப்பதியில் மேடைக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொல்லியிருந்தார். பாட்டுதான் பதிவாகிவிட்டதே, ஆனாலும் தொண்டை கட்டிவிடும் என்று அத்தை ஒரு வாரமாகத் தயிரைத் தொடவில்லை.

சீடியை மண்டபத்துக்கு எடுத்து வரும் வேலை மட்டும் மாமாவுக்கு. கடையில் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அத்தை பாடிய பிள்ளையார் பாட்டு வந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மண்டபத்திலும் பிள்ளையார் பாட்டு அழகாகத்தான் வந்தது. டீச்சரின் கை தொடையில் தாளம் போட்டது. அடுத்து ஸ்பீக்கர் அதிர, விநாயகர் ஊர்வலத்துக்கு அடிக்கிற டீஜே குத்து கிளம்பியது. நான் உட்படப் பிள்ளைகளெல்லாம் எழுந்து ஆடினோம். அத்தையின் முகம் செத்துப்போயிற்று.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? இதுல என் பாட்டு எப்படி வந்துச்சு?"

மாமா தலையைச் சொறிந்தார். "நீ மொதல்ல பாடுனத ஸ்டுடியோவுலேர்ந்து வாங்கியாந்துட்டேன். எல்லா சீடிக்கும் அதத்தான் மொதப் பாட்டா போட்டுக்கினு இருக்கேன். அதான் சீடி மாறிப்போச்சு."

கூட்டம் சேர்க்க மாமா அழைத்து வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்தார். "அட, அந்தம்மா நீங்கதானா! உங்க கொரலு கேக்காம நான் வண்டியே எடுக்கறதில்லம்மா."

டீச்சர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். "எனக்கு முன்னாடியே ஒருத்தர் ரோடு பூரா சிபாரிசு பண்ணிட்டாரே" என்றார். மேடையும் கிடைத்தது.

பந்தியில் அத்தை, மானம் போயிற்று என்று மாமாவை வாய் ஓயாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் இலையில் போளிக்கு மேல் போளியாக வைத்து நெய்யையும் ஊற்றினாள். ஒரு தப்பும் செய்யாத எனக்கு ஒன்றே ஒன்றுதான். இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.